சாட்சிக் குறி

முதல் பாடத்தில் மூன்றாவது குறியிலேயே தவறிவிட்டேன். எனக்கு அது தெரியவில்லை. ஆசிரியருக்குத் தெரிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. வலது கையால் மேசையில் மெல்லத் தட்டிக் காலம் எண்ணிக்கொண்டே இருந்தார். இரண்டு வரி பாடி, வரிக் கடைசியில் சிவப்பு மையில் இருந்த ஒரு சின்ன அடையாளத்தில் வந்து நின்றேன்.

"இப்போது எந்தச் சுரத்தில் நிற்கிறாய்?" என்று கேட்டார்.

"கா."

"சாட்சி என்ன சொல்கிறது?"

சிவப்பு அடையாளத்தைப் பார்த்தேன். அது 'தி' என்றது. நான் ஒரு படி கீழே நின்றுகொண்டிருந்தேன்.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோயில்களில் பாடும் பைசாந்திய இசையின் எழுத்துமுறை நமக்குப் பழகிய எதையும் போன்றதல்ல. நாம் ச என்று எழுதினால் ச, ப என்று எழுதினால் ப. மேற்கத்திய ஐந்து கோட்டிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்த வீடு உண்டு. இங்கே குறிகளுக்கு வீடு கிடையாது, நடை மட்டும்தான் உண்டு. ஓலிகோன் என்றால் இருந்த இடத்திலிருந்து ஒரு படி ஏறு. அபோஸ்ட்ரோபோஸ் என்றால் ஒரு படி இறங்கு. ஈசோன் என்றால் அங்கேயே இரு. எங்கிருந்து ஏறுவது, எங்கிருந்து இறங்குவது என்பது முந்தைய குறியைச் சரியாகப் பாடினாயா என்பதைப் பொறுத்தது. ஒரு குறியில் சறுக்கினால் அதன் பிறகு வரும் அத்தனையும் சறுக்கல். பாடுகிறவருக்கோ எல்லாம் சரியாகப் போவதுபோலவே இருக்கும். அதனால் வரிகளின் நடுவிலும் முடிவிலும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள்: இந்த இடத்துக்கு வரும்போது நீ இந்தச் சுரத்தில் இருந்தாக வேண்டும் என்று. அதற்குப் பெயர் மார்த்திரியா. சாட்சி.

அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அந்த வருடம் முழுதும் தாக்குப்பிடித்தேன் என்று நினைக்கிறேன்.

நான் நாகர்கோவில்காரி. எங்கள் சபையில் பாமாலையும் கீர்த்தனையும் பாடி வளர்ந்தவள். வாய்ப்பாட்டு படித்து, ஒரு கல்லூரியின் இசைத்துறையில் பல வருடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 2018 அக்டோபரில், கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரத்தில் ஒரு பல்கலைக்கழக இசைத்துறையில் ஒரு கல்வியாண்டு பைசாந்திய இசை படிக்கப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஒவ்வொரு காரணம் சொன்னேன். உண்மையான காரணம் இதுதான்: வழிபாட்டுக்குள் பிறந்து, வழிபாட்டுக்குள்ளேயே வாழும் ஒரு பாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, பாடத்திட்டம் போட்டு, தேர்வு வைத்து, பட்டம் கொடுத்தால் அதற்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்றிருந்தது. என் கல்லூரியில் வர்ணத்தைப் பிசகில்லாமல் பாடி மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் மேடையில் பத்து நிமிடம் ராகம் பாடச் சொன்னால் விழிப்பதை வருடா வருடம் பார்த்து மனம் புண்பட்டிருந்தேன்.

சுரங்களின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். பா, வூ, கா, தி, கே, சோ, நி. கேட்க வேடிக்கையாக இருக்கும். கிரேக்க அரிச்சுவடியின் முதல் ஏழு எழுத்துகளையும் அசையாக்கிச் செய்தவை இவை: ஆல்பாவுக்கு முன் ஒரு மெய்யெழுத்தைச் சேர்த்தால் பா, பீட்டாவுக்குப் பின் ஓர் உயிரைச் சேர்த்தால் வூ. எந்தப் பாட்டையும் முதலில் இந்த அசைகளில் பாட வேண்டும். அதற்குப் பராலகி என்று பெயர். நம் சுரம் பாடுவது போலத்தான். அது கைவந்த பிறகே சொற்கள்.

ஒரு ஸ்தாயியை 72 துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டு ஒரு மோரியோன். 72 என்றதும் மேளகர்த்தா நினைவு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. நம்முடைய 72 தாய் ராகங்களின் எண்ணிக்கை. இவர்களுடையது ஒரே ஏணியின் நுண்படிகள். நியிலிருந்து பாவுக்கு 12, பாவிலிருந்து வூவுக்கு 10, வூவிலிருந்து காவுக்கு 8. பிறகு 12, மறுபடி 12, 10, 8. பியானோவில் நியிலிருந்து வூ வரை போனால் 24 மோரியா இருக்கும். இங்கே 22 தான். அந்த இரண்டு துண்டுதான் என்னைப் படுத்தியது. என் தொண்டை அந்தர காந்தாரத்துக்குப் பழகியது. ஒவ்வொரு முறையும் வூ தூக்கலாகவே விழும். பக்கத்தில் பியானோ படித்துவிட்டு வந்த கிரேக்கப் பையனுக்கு இன்னும் தூக்கல். ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஒரு விரற்கடை அசைப்பார். அவ்வளவுதான் திருத்தம்.

ஒருநாள் நான் கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துக்கொண்டு சென்ட் என்ற சுருதி அளவின் கணக்கில் வூவைப் பிடிக்கப் பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டார். கோபிக்கவில்லை. "அந்த எண்ணைக் கண்டுபிடித்தவர்கள் பாடுகிறவர்களைக் கேட்டுத்தான் அளந்தார்கள். நீ எண்ணைக் கேட்டுப் பாடினால் யார் யாரை அளப்பது?" என்றார். எண்கூட ஒன்றாக இருந்ததில்லை. கிறிசாந்தோஸ் கணக்கில் ஸ்தாயிக்கு 68 துண்டு: 12, 9, 7 என்ற படிகள். கான்ஸ்டாண்டிநோபிளில் மறைமுதல்வர் (ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைமை ஆயர்) அமைத்த இசைக் குழு 1881இல் உட்கார்ந்து அளந்தபோதுதான் 12, 10, 8 வந்தது. பாட்டு மாறவில்லை, அளவுகோல் மாறியது.

கிறிசாந்தோஸ் பெயரைச் சொல்லிவிட்டேன். இந்த இசையைக் கற்பிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் 1814ஐத் தாண்டிப் போகவே முடியாது. அதற்கு முன்னால் இருந்த எழுத்துமுறை ஒரு வகைச் சுருக்கெழுத்து. ஒரு குறிக்குப் பின்னால் முழுச் சங்கதி ஒளிந்திருக்கும். அது என்ன சங்கதி என்று ஆசிரியர் பாடிக் காட்டினால்தான் உண்டு. கற்றுத் தேர ஏறக்குறையப் பத்து வருடம் ஆகும் என்பார்கள். பதினான்காம் நூற்றாண்டில் யோவான் குகுசேலிஸ் மாணவர்களுக்காகவே ஒரு பாட்டு செய்திருக்கிறார். அதன் சாகித்தியமே குறிகளின் பெயர்கள்தான். 'ஈசோன்' என்று பாடும்போது ஈசோன் செய்வதைக் குரல் செய்யும், 'ஓலிகோன்' என்னும்போது ஏறும். எங்கள் வகுப்பில் அதைப் பாடியபோது அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஆசிரியரின் முகமே எதிரில் தெரிவதுபோல இருந்தது. பாடம் நடத்துகிறவளுக்கு இன்னொரு பாடம் நடத்துகிறவரை அடையாளம் தெரியாமல் போகுமா?

1814இல் கான்ஸ்டாண்டிநோபிளில் மூன்று பேர் கூடி இந்தச் சுருக்கெழுத்தை அவிழ்த்தார்கள். கிறிசாந்தோஸ் துறவி, பின்னாளில் ஆயரானவர். கிரிகோரியோஸ் பேராலயத்தின் தலைமைப் பாடகராக உயர்ந்தவர். ஹூர்முசியோஸ் ஆவணக் காப்பாளர். குறிகளைக் குறைத்து, ஒவ்வொரு குறிக்கும் ஒரே வேலை என்று வரையறுத்து, காலக் கணக்கைத் தெளிவாக்கி, பா வூ கா தி என்ற அசைகளைக் கொண்டுவந்தார்கள். பள்ளி தொடங்கி மாணவர்களைச் சேர்த்தார்கள். 1820இல் புக்காரெஸ்டில் எபேசுவின் பேதுரு முதன்முதலாக இந்த எழுத்தை அச்சில் ஏற்றினார். கிறிசாந்தோஸின் பெரிய இசைக் கோட்பாட்டு நூல் 1832இல் ட்ரியெஸ்தேயில் வெளிவந்தது. பழைய சுவடிகளில் கிடந்த பாடல்களைப் புதிய எழுத்துக்கு மாற்றி எழுதுவதில் ஹூர்முசியோஸ் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தார். இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடம் நடக்கிறது என்றால் அது அந்த மூன்று பேர் போட்ட விதை.

மூவருமே வழிபாட்டுக்குள் வாழ்ந்தவர்கள் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. எழுத்தில் எதை விட்டுவிடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் விட்டது எங்கே பத்திரமாக இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது.

ஏதென்ஸ் இசைப்பள்ளி 1871இல் தொடங்கியது. அங்கே மேற்கத்திய இசைதான் பாடம். நகரத்துக் கோயில்களிலும் நாலு குரல் இசைவுப் பாடல்கள் பரவிக்கொண்டிருந்த காலம். 1904இல் அந்தப் பள்ளிக்குள்ளேயே பைசாந்திய இசைக்கென ஒரு பிரிவு திறந்தார்கள். மறைமுதல்வர் பீடம் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து கான்ஸ்டாண்டினோஸ் ப்சாகோஸை ஆசிரியராக அனுப்பியது. நுண்சுரங்களைக் காதுக்குக் காட்ட ஒரு வாத்தியம் வேண்டும் என்று ப்சாகோஸ் ஆசைப்பட்டு, ஏவா பால்மர் சிக்கெலியானோஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி பணம் கொடுக்க, ஜெர்மனியில் ஓட்டிங்கன் ஊரின் ஸ்டைன்மையர் பட்டறையில் 1924இல் ஓர் ஆர்கன் செய்யவைத்தார். கோயிலுக்குள் வாத்தியமே நுழையாத ஒரு மரபுக்கு, கற்பிப்பதற்காக மட்டும் ஒரு வாத்தியம். அந்த ஆசையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. வகுப்பில் முப்பது பேரை வைத்துக்கொண்டு 'இன்னும் கொஞ்சம் கீழே' என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அது விளங்கும்.

பல்கலைக்கழகங்கள் வெகு தாமதமாக வந்தன. தெசலோனிக்கியின் அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை 1984இல். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் 1991இல். பிறகு மாசிடோனியா பல்கலைக்கழகம். அதற்குள் சண்டைகள் முற்றியிருந்தன.

பெரிய சண்டை சுவடிகளைப் பற்றியது. 1931இல் கோப்பன்ஹேகனில் கார்ஸ்டன் ஹேக், டில்யார்ட், எகோன் வெல்லெஸ் மூவரும் சேர்ந்து பைசாந்திய இசைச் சுவடிகளைப் பதிப்பிக்கும் பெரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் வாசித்தபடி பழைய குறி ஒன்றுக்குச் சுரம் ஒன்று. இன்று கோயிலில் கேட்பது துருக்கியர் காலத்தில் மாறிப்போனது, பழையது எளிமையாக இருந்தது என்பது அவர்கள் கட்சி. ப்சாகோஸும் அவருக்குப் பின் வந்த கிரிகோரியோஸ் ஸ்தாதிஸ் போன்றவர்களும், இல்லை, அது சுருக்கெழுத்து, உள்ளே இருப்பது நீண்ட சங்கதி, அதை அவிழ்க்கும் வித்தை ஆசிரியர்-மாணவர் வழியாக அறுபடாமல் வந்திருக்கிறது என்றார்கள். ஸ்தாதிஸ் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அத்தோஸ் மலை மடங்களின் இசைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்து 1975 முதல் வெளியிட்டவர். பாடவும் செய்தார், பாடகர் குழுவும் நடத்தினார். இந்த வாதத்தில் யார் பக்கம் என்று என்னைக் கேட்டால், சங்கதி பக்கம்தான். நாட்டைக் குறிஞ்சியைச் சுரம் மட்டும் எழுதி வைத்து, இருநூறு வருடம் கழித்து ஒருவர் அதை எழுதியபடியே வாசித்து 'இதுதான் அசல்' என்றால் எப்படி இருக்கும்? ஆனால் கோப்பன்ஹேகன்காரர்கள் இல்லையென்றால் எத்தனையோ சுவடிகளை யாரும் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பதையும் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு சண்டை வீட்டுக்குள். சைமன் கராஸ் என்பவர் பழைய குறிகள் சிலவற்றை மீட்டு, ஒவ்வொரு அசைவையும் நுணுக்கி விளக்கும் ஒரு முறையை வகுத்தார். அவரிடம் படித்த லிக்கூர்கோஸ் அங்கெலோபூலோஸ் 1977இல் நிறுவிய பாடகர் குழு அந்த முறையை உலகம் முழுவதும் கொண்டுபோனது. மறைமுதல்வர் பேராலயப் பாணியே போதும், கராஸ் சொல்வது அவர் கற்பனை என்பவர்களும் நிறையப் பேர். எங்கள் வகுப்பில் இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். ஒரே வரியை இரண்டு விதமாகப் பாடுவார்கள். வேறெங்கும் இவர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்க வாய்ப்பில்லை. பல்கலைக்கழகம் செய்த நல்ல காரியங்களில் இதையும் எழுதிவைக்கிறேன்.

அதைவிட நல்லது ஒன்று. தெசலோனிக்கியின் மேட்டுப் பகுதியில் விளாத்தாதோன் மடம் இருக்கிறது. அங்கே உள்ள திருச்சபைத் தந்தையர் ஆய்வு நிறுவனத்தில் அத்தோஸ் மலைச் சுவடிகளின் நுண்படச் சுருள்கள் உண்டு. அத்தோஸ் மலைக்குள் பெண்கள் போக முடியாது. நானும் என் வகுப்புத் தோழியும் அந்தச் சுவடிகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் வழி. சுருளைத் திருப்பத் திருப்ப, யாரோ ஒரு துறவி குறிகளை எழுதிக்கொண்டே போய், ஓரத்தில் மெழுகு சொட்டிய கறையோடு விட்ட பக்கம் திரையில் நின்றது. தோழி விரலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, தொடாமல், குறிகளின் மேல் நகர்த்தி மெல்லிய குரலில் பாடினாள். இரண்டு நிமிடம் இருக்கும். வெளியே வந்து கடலைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நாங்கள் பேசவே இல்லை.

இதெல்லாம் பல்கலைக்கழகம் எனக்குத் தந்தது. தராததைச் சொல்கிறேன்.

நவம்பர் மாதம் ஒரு சின்னக் கோயிலில் வாரநாள் மாலை வழிபாட்டுக்குப் போனேன். ஐந்தாறு மூதாட்டிகள், ஒரு பாதிரியார், வலப்பக்கம் அனலோகியோ என்ற சாய்வான புத்தகத் தாங்கியின் முன்னால் எழுபதைத் தாண்டிய ஒரு ப்சால்த்திஸ். சங்கீதம் பாடுகிறவர் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். வழிபாடு முடிந்ததும் அவரிடம் போய், இன்ன இடத்தில் படிக்கிறேன் என்றேன். "பாடுவாயா, படிப்பாயா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. "ஈசோன் பிடி, பார்க்கலாம்" என்றார். நான் அவர்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லையே என்றேன். பாதிரியாரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அடுத்த வாரத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் அவர் பக்கத்தில் நின்றேன்.

குறிக்கு ஈசோன் என்று பெயர் இருப்பதுபோல, பாட்டுக்கு அடியில் நீட்டிப் பிடிக்கும் சுருதிக்கும் ஈசோன் என்றே பெயர். தம்பூரா நாட்டுக்காரிக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். பாவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். நடுவில் அவர் முழங்கையால் என்னை இடித்தார். பாட்டு 'தி' சுரத்துக்கு ஏறி அங்கே உட்கார்ந்திருக்கிறது, நான் இன்னும் பாவில் இருக்கிறேன். நம் ஷட்ஜம் கச்சேரி முடியும்வரை நகராது. இவர்கள் ஈசோன் நகரும். பாட்டு எந்தச் சுரத்தை வீடாக்கிக்கொள்கிறதோ அங்கே அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். பின்னால் போனால் பயனில்லை. எப்போது நகர்வது என்று புத்தகத்தில் போட்டிருக்காது. புதிதாக அச்சிடுகிறவர்கள் சிலர் போடுகிறார்கள், அவர் புத்தகங்களில் இல்லை. பாடுகிறவருடைய மூச்சிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். அவர் இடது கையின் ஆள்காட்டி விரல் தாங்கியின் ஓரத்தில் இருக்கும். விரல் தூக்கினால் திக்குப் போ. மடக்கினால் பாவுக்கு வா. மூன்று மாதம் அந்த விரலைத்தான் பார்த்தேன். புத்தகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ப்ரொசோமியா. இதைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேர விரிவுரை கேட்டிருந்தேன், குறிப்பும் எழுதியிருந்தேன். அன்றாட வழிபாட்டில் பாடும் எத்தனையோ பாடல்களுக்குக் குறியே கிடையாது. சொற்கள் மட்டும்தான். தலைப்பில் எத்தனையாவது இகோஸ் என்றும், இன்ன பாட்டைப் போல என்றும் இருக்கும். இகோஸ் என்பது ஏறக்குறைய நம் ராகம் போல. இகோஸ்கள் எட்டு, வாரம் ஒன்றாகச் சுழன்று வருபவை. எங்கள் கீர்த்தனைப் புத்தகத்தில் ராகமும் தாளமும் மேலே போட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. மெட்டுக்குப் பாடுவதுதானே. ஆனால் அன்றைய புனிதருக்கான சொற்களை, முன்பின் பார்க்காத சொற்களை, அந்த மெட்டில் அந்த நிமிடமே பொருத்த வேண்டும். அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே மெட்டு குனிந்து கொடுக்கும். பெரியவர் கண்ணாடியைச் சற்றுத் தூக்கிவிட்டு, வரியை ஒருமுறை கண்ணால் தடவிவிட்டுப் பாடத் தொடங்கிவிடுவார். எத்தனை மெட்டு மனப்பாடம் என்று கேட்டேன். எண்ணிப் பார்த்ததில்லை என்றார்.

எங்கள் துறையில் முதுகலை படிக்கும் ஒரு பையன் ஒருநாள் என்னோடு வந்தான். குகுசேலிஸ் காலத்துச் சுவடியைத் தங்குதடையில்லாமல் வாசிப்பவன். பெரியவர் அவனிடம் இரண்டாம் பாட்டைக் கொடுத்தார். குறி இல்லாத பக்கம். அவன் முதல் வரியிலேயே நின்றுவிட்டான். முகம் சிவந்துபோனது. அவனுடைய திறமையில் குறை எதுவும் இல்லை. பாடத்திட்டம் முழுவதிலும் அவன் ஒரு மாலைகூட அனலோகியோ முன்னால் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. நான் படித்த வருடத்திலும் எனக்கு மதிப்பெண் வந்தது எழுத்துத் தேர்வுக்கும், வீட்டில் தயார் செய்து பாடிய ஒரே ஒரு பாட்டுக்கும். கோயிலில் நின்ற மாலைகளுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. அதைத் துறையில் நேராகவே சொன்னேன். வழிபாடு பல்கலைக்கழகத்தின் வேலை அல்ல என்று பதில் வந்தது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மருத்துவமனையில் நிற்காமல் மருத்துவப் பட்டம் கொடுப்பதில்லையே.

தனியார் இசைப்பள்ளிகள் தரும் பைசாந்திய இசைப் பட்டயங்களை முடித்துவிட்டு வந்தவர்கள் நன்றாகப் பாடுவார்கள், பழைய குறியை வாசிக்கத் தெரியாது. பல்கலைக்கழகத்திலேயே தொடங்கியவர்கள் வாசிப்பார்கள், பாட்டு நடுவில் பாதிரியார் ஒரு பகுதியைத் தாண்டிப் போனால் திகைத்துவிடுவார்கள். இரண்டும் தெரிந்தவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் பங்குக் கோயிலின் நிதியிலிருந்து கிடைக்கும் சிறு தொகைதான், பகலில் வேறு வேலை பார்க்க வேண்டும். ஃபின்லாந்தில் நிலைமை வேறு. அங்கே ஆர்த்தடாக்ஸ் திருச்சபை மிகச் சிறியது, ஆனாலும் யோயென்சூவில் கிழக்கு ஃபின்லாந்துப் பல்கலைக்கழகம் திருச்சபை இசைக்கலைஞர்களைப் பயிற்றுவிக்கிறது. முடித்தவர்கள் பங்குகளில் சம்பளம் வாங்கும் பணியாளர்கள். இசையமைப்பாளரும் ஆர்த்தடாக்ஸ் பாதிரியாருமான ஐவன் மூடி அங்கே பேராசிரியராக இருந்தார். பலிபீடம், அனலோகியோ, வகுப்பறை மூன்றையும் ஒரே ஆள் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை! 2024இல் அவர் மறைந்த செய்தியைப் படித்தபோது, முகம் பார்த்திராத ஒருவருக்காக மனம் கனத்தது.

பள்ளி என்பதே வேண்டாம், கோயிலே போதும் என்று பெரியவர் மாதிரிப் பாடகர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களிடம் நான் மாஸ்கோவைச் சொல்வேன். அங்கே சினடல் பள்ளி என்று ஒரு திருச்சபை இசைப்பள்ளி இருந்தது. ஸ்தெபான் ஸ்மொலென்ஸ்கி 1889 முதல் 1901 வரை அதை நடத்தினார். பழைய ரஷ்யக் கொக்கிக் குறிச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, மாணவர்களை அவற்றோடு வளர்த்தார். இசையமைப்பாளர் ராக்மானினோவ் தம் இரவு முழு வழிபாட்டு இசையை அவர் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1915இல் அதை முதலில் பாடியது சினடல் பாடகர் குழு. மூன்றே ஆண்டுகளில், 1918இல், பள்ளி அந்தப் பெயரையும் வேலையையும் இழந்தது. பிறகு பல பத்தாண்டுகள் அந்த நாட்டில் கோயிலில் பாடுவதும் வகுப்பில் கற்பிப்பதும் பெரிதும் ஒடுக்கப்பட்டன. சுவடியும் அதை வாசிக்கத் தெரிந்த சிலரும் மிஞ்சியதால்தான் பின்னால் வந்தவர்களுக்குத் தொடங்க ஓர் இடம் இருந்தது.

தோழியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. என் வகுப்பில் அவளைப்போலப் பாடியவர் யாருமில்லை. கன்னியர் மடங்களில் பெண்கள்தான் பாடுகிறார்கள், தெசலோனிக்கியிலிருந்து அதிக தூரமில்லாத ஓர்மிலியா மடத்துச் சகோதரிகளின் பாட்டுக்குப் பெரும் பெயர் உண்டு. சில பங்குகளிலும் பெண்கள் பாடுகிறார்கள். ஆனால் நகரத்தின் பெரிய கோயில்களில் அனலோகியோ ஆண்களிடம்தான். அவளுக்கு நிரந்தரமாக நிற்க ஓர் இடம் கிடைக்கவில்லை. 2019 ஏப்ரல் 23, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தின் செவ்வாய் இரவு. அன்றைக்கு எல்லாக் கோயிலிலும் கூட்டம் வாசல்வரை நிற்கும், காசியானியின் பாட்டுக்காக. காசியானி ஒன்பதாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு மடத்துத் தலைவி. ஆண்டவரின் பாதத்தைக் கண்ணீரால் நனைத்த பாவியான பெண் பேசுவதாக அவர் எழுதிய பாட்டு. மெதுவாகப் பாடினால் பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும். நானும் அவளும் தூணோரம் நின்றோம். தலைமைப் பாடகர் தொடங்கினார், நன்றாகவே பாடினார். பக்கத்தில் தோழியின் உதடு ஒவ்வொரு குறியோடும் அசைந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல். ஒரு பெண் எழுதி, ஒரு பெண்ணின் வாயில் வைத்த சொற்கள். வகுப்பில் அவள் அதைப் பாடி நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த வகுப்பறையை நினைத்து முதல்முறையாக எனக்கு முழு நன்றி வந்தது. அங்கேயாவது அவள் வாய்விட்டுப் பாட இடம் இருந்தது.

அந்த வருடம் டிசம்பரில், நான் ஊர் திரும்பிய பிறகு, பைசாந்திய இசையை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிரேக்கமும் சைப்ரஸும் சேர்ந்து விண்ணப்பித்திருந்தன. தோழி செய்தியை அனுப்பியிருந்தாள். அவளுக்கு நான் எழுதியது ஒரே வரி: இனி ஒவ்வொரு மாணவருக்கும், ஆணோ பெண்ணோ, ஒரு வருடம் முழுக்க ஒரு கோயிலின் அனலோகியோவில் இடம் தந்து, அங்கே நிற்கும் பாடகரின் வாயால் மதிப்பெண் சொல்லவைக்க வேண்டும். இன்றைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

ஜூன் மாதக் கடைசி வியாழன். மறுநாள் எனக்கு விமானம். கோயிலில் நான்கு மூதாட்டிகள்தான். அன்றைக்கு நினைவுகூர்ந்த புனிதர்கள் இரத்தசாட்சிகள். பெரியவர் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் சாய்த்துவைத்தார். முதல் இகோஸ், 'புகழ்மிகு சாட்சிகளே' என்ற பாட்டைப் போல. சொற்கள் மட்டும். குறி இல்லை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பாவைப் பிடித்துவிட்டார். அடிக்குரலில், நடுக்கமில்லாமல். அதுவரை அவருக்கு நான் பிடித்தது போக, அன்று எனக்கு அவர் ஈசோன்.

தொடங்கினேன். இரண்டாம் சொல்லில் அழுத்தம் இடம் மாறி விழுந்தது. மெட்டை அங்கே குனியவிட்டேன். வூ கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்திருக்கும். திக்கு ஏறும்போது அவர் குரல் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தது. விரலைத் தூக்க எனக்கு நேரமே இருக்கவில்லை. கடைசி வரியில் மூச்சு குறைந்தது. அந்தப் பக்கத்தில் எனக்கு வழிசொல்ல ஒரு சிவப்பு அடையாளமும் இல்லை. இறங்கி, இறங்கி, பாவில் வந்து நின்றேன்.

அவர் ஏற்கெனவே அங்கேதான் நின்றிருந்தார்.